சேனக பிபிலே

சேனக பிபிலே (1920–1977) இலங்கையின் முதல் மருந்தியல் பேராசிரியர். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். புது மருந்து எதையும் கண்டறிந்தவரல்லர். எந்த மருந்தை, எந்தப் பெயரில், என்ன விலைக்கு ஒரு நாடு வாங்க வேண்டும் என்ற கேள்வியே அவரது துறையாயிற்று.

கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கொழும்பு மருத்துவக் கல்லூரியிலும் படித்து, எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றார். லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். அரச மருத்துவமனைகளுக்கான மருந்துக் கையேட்டை உருவாக்குவதில் 1950களின் இறுதியிலேயே அவருக்குப் பங்குண்டு. தேவையான மருந்துகளை மட்டும் பொதுப்பெயரில் வாங்கும் ஒழுங்கு அங்கே வேரூன்றியது. தனியார் சந்தையிலோ ஒரே மருந்து பல வணிகப்பெயர்களில், பல விலைகளில் விற்றது.

அந்த ஒழுங்கை நாடு முழுவதற்கும் விரிப்பதே கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் 1971இல் அவர் அளித்த அறிக்கையின் சாரம். அதே ஆண்டு கூட்டுத்தாபனம் பிறந்தது. இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குச் சுருங்கின. உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கியதால் பல மருந்துகளின் விலை சரிந்தது. மலிவான மருந்து தரமற்றது என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. வணிகப்பெயருக்குப் பழகிய மருத்துவர்கள் பலர் அதை நம்பினர். ஆய்வுக்கூட வசதி போதாத நாட்டில் அந்த ஐயத்தை வாதத்தால் மட்டும் போக்க முடியவில்லை.

கடும் சோதனை 1974இல் வந்தது. வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வேறிடத்தில் வாங்கிய மூலப்பொருளிலிருந்து டெட்ராசைக்ளின் குளிகை செய்து தர, உள்நாட்டில் ஆலை வைத்திருந்த அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனமொன்று மறுத்தது. தயாரித்து முடித்த மருந்தையே விமானத்தில் தருவிக்க நேர்ந்தது. ஆலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் தலையிட்டார், யோசனை கைவிடப்பட்டது. விலையை வெல்ல ஒரு பட்டியலும் கேள்விப்பத்திரமும் போதும். உற்பத்தி பிறர் கையிலிருந்தால் அவசரத்தில் அவை உதவா. பிபிலேயின் திட்டத்தில் இருந்த இடைவெளி இதுதான்.

1977 ஆட்சிமாற்றத்தின் பின் இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. ஆட்சி மாறியபோது அவர் ஐ. நா. பணியில் வளரும் நாடுகளுக்கு மருந்துக் கொள்கை வகுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் கயானாவின் ஜோர்ஜ்டவுனில் காலமானார். உலக சுகாதார நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

கூட்டுத்தாபனத்தின் ‘ஒசுசல’ மருந்தகங்கள் இன்றும் இயங்குகின்றன. ‘பிபிலே கொள்கை’ என்ற பெயர் தேர்தல் மேடைகளில் அடிக்கடி ஒலித்தும், மருந்து ஒழுங்குபடுத்தலுக்கெனத் தனி அதிகாரசபை அமைக்கும் சட்டம் நிறைவேறியது 2015இல்தான்.