பேச்சொலி உணர்தலும் சொல்லறிதலும்

பேச்சொலி உணர்தல் என்பது, காதில் விழும் இடையறாத ஒலியலையிலிருந்து ஒரு மொழியின் ஒலியன்களையும் அசைகளையும் மனம் பிரித்தறியும் செயல். அப்படி அறிந்தவற்றை நினைவிலுள்ள சொற்களோடு பொருத்துவது சொல்லறிதல். ஒன்று முடிந்தபின் மற்றது தொடங்குவதில்லை. சொல் பாதி ஒலிக்கும்போதே தேடல் தொடங்கிவிடுகிறது. உளவியல், ஒலியியல், நரம்பியல் ஆகிய துறைகள் இவ்விரண்டையும் ஆராய்கின்றன.

தொடக்க வரலாறு

இன்றைய வடிவில் இத்துறை ஒரு தோல்வியிலிருந்து வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக, அச்சிட்ட நூலை ஒலியாக்கித் தரும் கருவியை உருவாக்கும் பணியை நியூயார்க்கிலிருந்த ஹாஸ்கின்ஸ் ஆய்வகம் 1944இல் ஏற்றது. ஃபிராங்க்ளின் கூப்பரும் உளவியலாளர் ஆல்வின் லிபர்மனும் எழுத்துக்கு ஓர் ஒலி என்று வகுத்துப் பல ஒலித்தொகுதிகளைச் சோதித்தார்கள். எவ்வளவு பழகியும் கேட்பவர்களுக்கு வேகம் கைவரவில்லை; விரைவாக ஓட்டினால் ஒலிகள் கலந்து இரைச்சலாயின. ஆனால் இயல்பான பேச்சில் நொடிக்குப் பத்து, பதினைந்து ஒலியன்கள் வருகின்றன, எவரும் திணறுவதில்லை. பேச்சு, எழுத்துகளைக் கோத்த மாலை அன்று என்பது அங்கே தெளிவாயிற்று.

பிறகு கூப்பர் செய்த 'பேட்டர்ன் பிளேபேக்' கருவிக்கு நிகரான ஒன்றைப் பேச்சாய்வு அதுவரை கண்டதில்லை. பெல் ஆய்வகத்தின் நிறமாலை வரைவி ஒலியைப் படமாக்கியது. இது படத்தை ஒலியாக்கியது. ஒளிபுகும் நாடாவில் தூரிகையால் கோடுகள் தீட்டி ஓடவிட்டால் கருவி பேசும். கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தும் சேர்த்தும், காதுக்கு எது இன்றியமையாதது என்று பார்க்க முடிந்தது.

விடை வியப்பூட்டியது. ஒலியாற்றல் செறிந்த பட்டைகளை ஃபார்மண்ட் என்பர். ஆங்கில 'டி' அசையில் இரண்டாம் ஃபார்மண்ட் ஏறத்தாழ 2200 ஹெர்ட்ஸிலிருந்து 2600க்கு ஏறுகிறது. 'டு' அசையில் 1200இலிருந்து 700க்கு இறங்குகிறது. கேட்பவருக்கோ இரண்டிலும் ஒரே மெய். ஏறும் அல்லது இறங்கும் அந்தத் துண்டை மட்டும் தனியே ஒலிக்கவிட்டால் மெய்யெழுத்தே கேட்பதில்லை, ஒரு கீச்சொலிதான். மெய்யை ஒலிக்கும்போதே நாவும் இதழும் அடுத்த உயிருக்கு ஆயத்தமாவதே காரணம். இதிலிருந்து லிபர்மன், கேட்பவர் உணர்வது ஒலியை அன்று, பேசுபவரின் வாயசைவையே என்ற இயக்கக் கோட்பாட்டுக்கு வந்தார்.

ஒலியெல்லைகள்

'ப', 'ட', 'க' ஆகியவற்றின் குரலொலி வடிவங்களைச் சிறிது சிறிதாக ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றிக் கேட்கவைத்தபோது, கேட்டவர்கள் படிப்படியான மாற்றத்தை உணரவில்லை. ஓர் எல்லையில் திடீரென மெய் மாறியது. 1957இல் வெளியான இம்முடிவு வகைப்பாட்டு உணர்வு எனப்படும். 1964இல் லீ லிஸ்கரும் ஆர்தர் ஏப்ரம்சனும் பதினொரு மொழிகளில், இதழோ நாவோ திறப்பதற்கும் குரல்மடல்கள் அதிரத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார்கள். அவற்றுள் தமிழும் ஒன்று. குடிக்கும் பாலைச் சொல்லும்போது இதழ் திறந்த உடனேயும், கிரிக்கெட்டில் போடும் பாலைச் சொல்லும்போது திறப்பதற்கு முன்பும் அதிர்வு தொடங்குகிறது. எழுத்து ஒன்றாயினும் காது இரண்டையும் மயங்குவதில்லை.

ஒரு மாதக் குழந்தையும் இத்தகைய எல்லையை உணர்வதைப் பீட்டர் ஐமாஸ் குழுவினர், சப்பும் வேகத்தை அளந்து 1971இல் காட்டினார்கள். 1975இல் பேட்ரிசியா குல், ஜேம்ஸ் மில்லர் இருவரும் சின்சில்லா என்னும் கொறிவிலங்கிடமும் அதே எல்லையைக் கண்டார்கள். பேசும் வாயில்லாத உயிருக்கும் அது உண்டென்றான பின், இயக்கக் கோட்பாட்டின் மீது ஐயம் எழுந்தது. 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆய்வு இன்னொரு பக்கத்தைத் திறந்தது: ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறேழு மாதக் குழந்தைகள் இந்தியின் 'ட', 'த' வேறுபாட்டைக் கேட்கின்றன, ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் கேட்பதில்லை. தமிழ்க் காதுக்கு மிக எளிதான வேறுபாடு அது.

சொல்லறிதல்

வில்லியம் மார்ஸ்லன்-வில்சனின் 'கோஹார்ட்' கோட்பாட்டின்படி, சொல்லின் தொடக்கம் கேட்டதும் அதற்குப் பொருந்தும் சொற்கள் எல்லாம் மனத்தில் எழுகின்றன. 'மர' என்றதும் மரம், மரபு, மரணம், மரகதம். அடுத்து வரும் ஒலி மற்றவற்றை விலக்குகிறது. கேட்டதை உடனுக்குடன் திருப்பிச் சொல்லும் சோதனையில் சிலர் கால் நொடிதான் பின்தங்கினார்கள். அவர்களுடைய பிழைகள்கூட வாக்கியத்தின் பொருளுக்கு இசைந்தே இருந்தன. 1986இல் மெக்லெலண்டும் எல்மனும் அமைத்த 'ட்ரேஸ்' என்னும் கணினி மாதிரியில் சொற்கள் ஒன்றையொன்று அடக்கிப் போட்டியிடுகின்றன. 1998இல் கண்ணசைவைப் பதிந்த ஆய்வில், 'பீக்கர்' என்ற சொல்லைக் கேட்டவர்களின் பார்வை 'பீட்டில்' படத்துக்கும், சற்றுப் பின் ஈற்றொலி ஒத்த 'ஸ்பீக்கர்' படத்துக்கும் போனது. தொடக்கம் பொருந்தாத சொல்லும் போட்டியில் உண்டு என்பது உறுதியாயிற்று.

அண்மை ஆண்டுகளில் அறுவை சிகிச்சையை ஒட்டி நோயாளிகளின் மூளைப்பரப்பில் மின்முனைகள் வைத்து நரம்புச் செயல்பாட்டைப் பதிகிறார்கள். மேல் நெற்றிப்பொட்டு மடிப்பின் நரம்புத் தொகுதிகள் தனித்தனி ஒலியன்களைவிட அடைப்பொலி, உரசொலி போன்ற ஒலிப்பண்புகளுக்கே இசைவதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.