மொட்டை டயரும் மழை ரோடும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் மகள் வயிற்றுப் பேரன் கையில் கட்டோடு வந்து நின்றான். மழையில் லங்கா கார்னர் பக்கம் பைக் வழுக்கி விழுந்திருக்கிறான். பின்னால் வந்த பஸ் நின்றதால் சிராய்ப்போடு போயிற்று. "எப்படிடா கண்ணு?" என்றேன். "ரேஸ் டயருங்க அப்புச்சி. ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்னு சொன்னாங்க. மழையில ஏமாத்திருச்சுங்க" என்றான்.

டயரைப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோடுகள், மற்றபடி வழவழ. தேய்ந்து மொட்டையான டயரை மாற்றக் காசில்லாமல் ஓட்டிய காலம் நமக்குத் தெரியும். இவனோ காசு கொடுத்து மொட்டையை வாங்கியிருக்கிறான்! அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரேஸ் ஆசை வருவதில் வியப்பில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்த கரிவர்தன் கோவைக்காரர். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். தென்னிந்திய ராலியில் ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனும் நம்மவர். அவர் மகன் நரேன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர்.

இனி டயருக்கு வருவோம். காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் 1845-லேயே காப்புரிமை வாங்கினார். 1888-ல் டன்லப் அதை மறுபடி கண்டுபிடித்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் டயர்கள் வழவழப்பாகத்தான் இருந்தன. 1904-ல் காண்டினென்டல் கம்பெனி கார் டயரில் வரிப்பள்ளம் போட்டது. 1971-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அந்தப் பள்ளத்தை மறுபடி எடுத்துவிட்டார்கள். ஏன்?

காய்ந்த தரையில் பள்ளம் இல்லாவிட்டால் ரப்பர் முழுவதும் ரோட்டில் படும். ரப்பரும் மெதுவானது. சூடேறினால் பசை போல ஒட்டும். ஆனால் மழை பெய்தால்? மஞ்சள் காட்டில் வடிகால் வெட்டாமல் விட்டால் தண்ணீர் எங்கே போகும்? அங்கேயே நிற்கும். டயரில் வரிப்பள்ளம்தான் வடிகால். அது இல்லையென்றால் ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துகொள்ளும். வேகம் கூடினால் வண்டி தண்ணீர் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் கேட்காது, ஹேண்டிலும் கேட்காது.

1975 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் பந்தயம் நடக்கும்போது திடீரென்று பெருமழை. மொட்டை டயரில் இருந்த கார்கள் ஒரே வளைவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் மோதின. பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கே அந்தக் கதி! அதனால்தான் மழைக்கென்று தனி டயர் வைத்திருக்கிறார்கள். பைரெல்லியின் மழை டயர் ஒன்று 300 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 85 லிட்டர், அதாவது ஐந்தாறு குடம் தண்ணீரை, வெளியே தள்ளுமாம்.

"நான் 40-லதானுங்க போனேன்" என்றான் பேரன். சரிதான். அந்த வேகத்தில் டயர் முழுதாக மிதக்காது. ஆனால் ரேஸ் ரப்பருக்குச் சூடு வேண்டும். மழை ரோட்டில், டவுன் வேகத்தில் அது சூடேறவே ஏறாது. ஆறிப்போன ரப்பர், வடிகால் இல்லாத டயர், முதல் மழையில் எண்ணெயும் புழுதியும் கலந்த ரோடு. மூன்றும் சேர்ந்தால் 40 போதும் கண்ணு, விழ.

சட்டமும் இதைச் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 94-ன்படி பள்ளத்தின் ஆழம் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்கும், மற்ற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது.

கடைசியாக ஒன்று. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். மிஷெலின் டயர் அந்த டிராக்கின் சரிவான வளைவைத் தாங்காது என்று தெரிந்ததும், 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே திரும்பிப் போய்விட்டன. மீதி ஆறு கார்கள்தான் ஓடின. நம் நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். நம் ஊரில் எல்லோரும் அந்த நான்காம் இடத்தைப் பேசுகிறோம். திரும்பிப் போன அந்த 14 பேரையும் நினைத்துப் பாருங்கள். கூட்டம் கூச்சல் போட்டது, ஆனாலும் இந்த டயர் இந்தத் தரைக்கு ஆகாது என்று தெரிந்ததும் அவர்கள் ஓட்டவில்லை. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பேரன் அந்த டயரைக் கழற்றி வைத்துவிட்டான். டிராக்குக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வானாம். ஐப்பசி மழை வரப்போகிறது. இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வண்டி டயரை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒர்க்ஷாப்பிலும் டயர் தொழிலிலும் இருக்கும் என் பழைய மாணவர்கள், நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். அன்று உங்கள் நோட்டை நான் திருத்தினேன், இன்று உங்கள் முறை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்