எல்லாருக்கும் என்று சொன்ன சபை

மலர்க் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, பிக் மாட்ச் கதையள் கனக்க வந்திட்டுது. நீங்கள் வேற ஏதும் எழுதித் தாருங்கோ" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. 1904ஆம் ஆண்டு தொடக்கம் பரியோவான் கல்லூரியோடு நாம் ஆடிவரும் துடுப்பாட்டத்தைப் பற்றி எழுதுவதற்கு என்னிலும் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் மட்டையைத் தூக்கியவனல்லன். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தியவன் மட்டுமே.

ஆகவே வேறொன்றை எழுதலாம் என்று எண்ணினேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியை நட்டவர்கள் மெதடிஸ்த மிஷனரிமார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் எதை நம்பினார்கள்? என்ன எண்ணத்தோடு இந்த மண்ணில் ஒரு பள்ளிக்கூடத்தை வைத்தார்கள்? இதைக் கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் வராது. எனக்கும் நெடுங்காலம் வரவில்லை. நான் சைவன், நெற்றியில் திருநீற்றோடு கல்லூரிக்குப் போனவன். அதனால் இதை ஒரு சபையைப் புகழும் கட்டுரையாகக் கொள்ள வேண்டாம். கடன்பட்டவன் ஒருவன் தன் கடனைக் கணக்குப் பார்க்கிறான் என்று கொண்டால் போதும்.

மாணவர்களிடையே பிறந்த சபை

இன்றைய மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மெதடிஸ்த இயக்கம் ஒரு பல்கலைக்கழகத்திலேதான் தொடங்கியது. 1729ஆம் ஆண்டளவில் ஒக்ஸ்போர்ட்டில் சாள்ஸ் வெஸ்லி என்ற மாணவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் ஒன்றுகூடி வேதம் வாசித்தார்கள், உபவாசம் இருந்தார்கள். பின்னர் சாள்ஸின் தமையனார் யோன் வெஸ்லி அக்குழுவுக்குத் தலைவரானார். சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பது, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது, கையில் உள்ளதைப் பகிர்ந்து கொடுப்பது என்று எல்லாவற்றையும் ஓர் ஒழுங்குமுறையோடு செய்தார்கள். அதைப் பார்த்த மற்ற மாணவர்கள் சும்மா இருப்பார்களா? "முறைகாரர்" என்ற பொருளில் மெதடிஸ்ட் என்று கேலி பண்ணினார்கள். பட்டம் தெளிப்பதில் எந்த நாட்டு மாணவரும் ஒரே மாதிரித்தான்! அந்தக் கேலிப் பெயரே ஒரு சபையின் பெயராக நிலைத்துவிட்டது.

வெஸ்லி அங்கிலிக்கன் சபைக் குருவானவர். அமெரிக்காவிலுள்ள ஜோர்ஜியாவுக்குப் போதகராகப் போய், தோல்வியோடு திரும்பியவர். 1738ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி இலண்டன் அல்டர்ஸ்கேற் வீதியில் நடந்த ஒரு கூட்டத்திலே, கடவுள் தன் பாவங்களையும் மன்னித்தார் என்ற நிச்சயம் தனக்கு உண்டானதாக எழுதி வைத்தார். மறு வருஷமே பிரிஸ்டல் நகருக்கு வெளியே திறந்த வெளியில் நின்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குப் பிரசங்கித்தார். கோயிலுக்கு வராதவர்களைத் தேடிக் கோயில் போக வேண்டும் என்பது அவருடைய துணிபு.

அவர்கள் நம்பியது என்ன?

மெதடிஸ்தர் தங்கள் போதனையை நாலு வரியில் சொல்வார்கள். இரட்சிப்பு எல்லாருக்கும் தேவை. எல்லாரும் அதைப் பெறலாம். பெற்றதை எல்லாரும் அறியலாம். எல்லாரும் பூரண அன்புவரை வளரலாம். நான்கிலும் வரும் சொல் "எல்லாரும்" என்பதே. கடவுள் சிலரை முன்னரே தெரிந்தெடுத்துவிட்டார், மற்றவர்கள் கைவிடப்பட்டவர்கள் என்று அக்காலத்தில் பலர் போதித்தனர். வெஸ்லி அதை மறுத்தார். கிருபை எல்லாருக்கும் முன்பே வந்து காத்திருக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கையில் என்றார்.

நம்பிக்கை இருந்தால் மட்டும் போதாது, அது நடத்தையில் தெரிய வேண்டும் என்பது அடுத்தது. 1743இல் வெஸ்லி வகுத்த பொது விதிகள் மூன்று: தீமை செய்யாதே, இயன்ற நன்மையெல்லாம் செய், ஆராதனை, செபம், வேத வாசிப்பு முதலிய நியமங்களைக் கைவிடாதே. வருமானம் உயர உயரச் செலவை உயர்த்தாமல் மீதியைக் கொடுத்துவிடுவதை வெஸ்லி தாமே கடைப்பிடித்தார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, 1791 பெப்ரவரியில், அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்ஸுக்கு ஊக்கமூட்டி ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தேழு.

மூன்றாவது, சபையின் அமைப்பு. 1742இல் பிரிஸ்டலில் கட்டிய மண்டபத்துக்குக் கடன் ஏறிவிட்டது. ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி சேர்ப்போம் என்றார் ஒருவர். ஏழைகள் எப்படிக் கொடுப்பார்கள் என்று கேள்வி வந்தது. பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், கொடுக்க முடியாதவருக்காக நானே கொடுக்கிறேன் என்று அவர் சொன்னார். இப்படிக் காசு சேர்க்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே நோயையும் குடியையும் சண்டையையும் கண்டார்கள். கடன் கட்ட வந்த ஏற்பாடு, ஒருவரையொருவர் விசாரிக்கும் "வகுப்பு" ஆயிற்று. அந்த வகுப்புகளுக்குச் சாதாரண தொழிலாளரும் பெண்களும்கூடத் தலைமை தாங்கினர். குருப்பட்டம் இல்லாத பிரசங்கிமார் சேகரம் சேகரமாகக் குதிரையில் திரிந்தனர். சாள்ஸ் வெஸ்லி ஆயிரக்கணக்கில் இயற்றிய கீதங்களைப் பாடியே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் போதனையை மனனம் செய்தனர்.

எல்லாருக்கும் என்றால் அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். அவரவரே தீர்மானிக்க வேண்டுமென்றால் அவரவர் வாசிக்கத் தெரிய வேண்டும். ஆகவே மெதடிஸ்தர் போன இடமெல்லாம் பள்ளிக்கூடமும் போனது.

கடல் கடந்து வந்தவர்கள்

இலங்கைக்கு மிஷன் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் வெஸ்லியின் துணைவராயிருந்த தோமஸ் கோக். பணம் இல்லை என்று மாநாடு தயங்கியபோது தன் சொத்தையே தருவதாகச் சொன்னார். அறுபத்தாறு வயதில் இளம் மிஷனரிமாரோடு கப்பலேறினார். 1814 மே 3ஆம் திகதி காலை அவருடைய அறைக் கதவைத் தட்டியபோது பதில் வரவில்லை. அவர் இறந்து கிடந்தார். இந்து சமுத்திரத்திலேயே அடக்கம் செய்தார்கள். பயணத்தில் வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் இறந்தார்.

தலைவரை இழந்து, கையில் பணமும் இன்றி, அவர்கள் 1814 ஜூன் 29ஆம் திகதி காலியில் இறங்கினார்கள். தீவின் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்தார்கள். மட்டக்களப்புக்குத் தனியாகப் போன ஓல்ட் பள்ளிகளைத் தொடங்கி, ஒரு வருஷம் நிறையுமுன்னரே, 1815 ஏப்ரலில் இறந்தார். யாழ்ப்பாணத்துக்கு வந்த இருவர் ஜேம்ஸ் லிஞ்ச், தோமஸ் ஸ்குவான்ஸ். 1816இல் அவர்கள் தொடங்கிய வெஸ்லியன் ஆங்கிலப் பள்ளியே நம் கல்லூரி. லிஞ்ச் 1817இல் சென்னைக்குப் போய் அங்கும் மெதடிஸ்தப் பணியைத் தொடங்கினார். பின்பு 1838இல் பெண்களுக்காக வேம்படியும் வந்தது. பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது.

ஆசிரியரும் மாணவரும்

1834இல் நம் பள்ளிக்கு மத்திய பாடசாலை என்று பெயர் வைத்தவர் பீற்றர் பேர்சிவல். தமிழை அவர் வெறும் கருவியாகக் கொள்ளவில்லை, காதலித்தார் என்றே சொல்லலாம். அவர் தொகுத்த தமிழ்ப் பழமொழி நூலின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. அவரிடம் ஆங்கிலம் கற்கச் சேர்ந்தார் நல்லூரிலிருந்து வந்த ஒரு பையன். 1822இல் பிறந்த ஆறுமுகம் என்ற அந்தப் பையன் பின்பு அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை செய்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளியானது.

வேதாகமத்தை வரிவரியாகத் தமிழாக்க உதவிய அந்த இளைஞர் சைவராகவே இருந்தார். பிரசங்கம் எப்படி மக்களைச் சேர்கிறது என்பதை அருகில் இருந்து பார்த்தார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஆண்டின் கடைசி இரவு மெதடிஸ்தர் விழித்திருந்து ஆராதிக்கும் இரவு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மறு வருஷம் வேலையை விட்டார், சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், அச்சுக்கூடம் வைத்தார், ஆறுமுக நாவலர் ஆனார். 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம் மிஷனரிமாரின் கண்டனங்களுக்கு விவிலியத்திலிருந்தே மறுமொழி சொன்னது.

இதை மிஷனின் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். கணக்குப்படி தோல்விதான், யாழ்ப்பாணம் பெரும்பாலும் சைவமாகவே இருந்தது. ஆனால் நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். தானே வாசி, தானே சிந்தி, தானே தீர்மானி என்று ஒருவனுக்குக் கற்பித்தால், அவன் உன்னை மறுக்கவும் கற்றுக்கொள்வான். அந்த ஆபத்து இல்லாத கல்வி கல்வியே அல்ல. பேர்சிவலும் பின்னர் மெதடிஸ்த சபையை விட்டு அங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நம் முன்னோரின் வழிபாட்டை இருள் என்றும் அறியாமை என்றும் மிஷனரிமாரின் துண்டுப் பிரசுரங்கள் இழித்துப் பேசின. ஆட்சி செய்தவன் வெள்ளைக்காரன் என்ற நிழலில்தான் அவர்கள் நின்றார்கள். "எல்லாரும்" என்ற சொல் சாதியின் முன்னால் பல இடங்களில் தடுமாறியது. சமாசனம் கேட்டதற்காக 1930ஆம் ஆண்டளவில்கூட யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் வெளியிலிருந்து வந்த பிறத்தியார் அல்லர், நம்முடைய ஆட்கள்தான். மிஷனரிமாரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்கொள்ள முடியாது.

நான் கண்டது

நான் படித்தது கல்லூரி மிஷன் கையில் இருந்த கடைசி வருஷங்களில். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அது அரசாங்கத்திடம் போனது. என்னைச் சேர்க்க வந்த அன்று ஐயா சொன்ன புத்திமதி இன்னும் காதில் இருக்கிறது: "படிப்பை எடு. பழக்கத்தை எடு. திருநீற்றை மட்டும் அழிச்சுப்போட்டு வராதை."

காலை வழிபாட்டில் நானும் நின்று கீதம் பாடினேன். ஒருநாள் வேத பாடம் எடுக்கும் ஆசிரியரிடம், கொஞ்சம் குறும்பாகத்தான், கேட்டேன்: "சேர், சைவப் பொடியன் மோட்சத்துக்குப் போவானோ?" வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தம்பி, அதைத் தீர்மானிக்கிற வேலையை ஆண்டவர் எனக்குத் தரேல்லை. எனக்குத் தந்த வேலை உன்னைப் படிப்பிக்கிறது. கணக்குப் புத்தகத்தை எடு" என்றார். வேதபாட நேரத்திலும் என் கணக்குப் பலவீனம் அவருக்கு நினைவிருந்தது!

பிறகு நாட்டுக்கு வந்த கேடு எல்லாருக்கும் தெரியும். கோட்டைக்குப் பக்கத்தில் இருந்ததால் நம் கல்லூரி பட்ட பாடும் தெரியும். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது, மழையில் நனைந்து, வயது போன அம்மாவைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு தென்மராட்சியில் ஒரு தேவாலய மண்டபத்துக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் கொப்பியும் பேனையுமாக நின்றவர் அம்மாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். என்ன கேட்பாரோ என்று எனக்குள் ஒரு கூச்சம். அவர் கேட்டது ஒன்றே: "எத்தனை பேர் ஐயா?" ஐந்து என்றேன். ஐந்து பேருக்குக் கஞ்சி வந்தது. அது எந்தச் சபையின் மண்டபம் என்று நான் விசாரிக்கவும் இல்லை. அன்றிரவு, பல வருஷங்களுக்குப் பின், அந்த நாலு வரியும் எனக்கு விளங்கிற்று.

இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964இல் தன்னாட்சி பெற்றது. நம் கல்லூரி 2016இல் இருநூறு ஆண்டுகளைக் கடந்தது. நட்டவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் எண்ணியபடியே எல்லாம் விளையவும் இல்லை. ஆயினும் மரம் நிற்கிறது. நிழலில் யார் இருக்கலாம் என்று அது கேட்பதில்லை.

இன்று படிக்கும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்தச் சமயத்தவராகவும் இருங்கள். ஆசிரியர் சொல்வதை மறுக்கத் தோன்றினால் படித்துவிட்டு மறுங்கள், நாவலர் மறுத்தது போல. வாசலில் ஒருவன் வந்து நின்றால் எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள். நம் கல்லூரிக்கு நாம் பட்ட கடனை அடைக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

வாழ்க நம் கல்லூரித் தாய்.