சுற்றுகிற மாதிரி

பிரிக்பீல்ட்ஸ் மொட்டைமாடியில் நின்றால், விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுருள் கேலக்ஸியும் தெரியாது. படத்தில்தான் பார்க்கிறோம். பார்த்ததுமே சுற்றுகிற மாதிரி இருக்கும்.

அதை அளந்தே விட்டதாக 1916இல் சொன்னார் மவுண்ட் வில்சனின் வான் மானன். பல வருட இடைவெளியில் எடுத்த எம்101 படங்களை ஒப்பிட்டிருந்தார். அசைவு தெரிகிறதென்றால் அது பக்கத்தில்தான் இருக்கணும். பால்வழிக்கு வெளியே வேறு கேலக்ஸிகள் இல்லை என்று வாதாடிய ஷாப்லி, 1920இல் இதையே ஆதாரமாகப் பிடித்துக்கொண்டார்.

1923இல் ஆண்ட்ரோமெடாவில் ஹப்பிள் கண்ட துடிக்கும் நட்சத்திரம் ஒன்று, சுருள்கள் எவ்வளவு தூரம் என்று காட்டிக்கொடுத்தது. அவை சுழல்வது நிஜம். ஆனால் ஒரு சுற்றுக்குப் பல கோடி ஆண்டுகள். அந்தப் படங்களில் தெரிய வாய்ப்பே இல்லை. 1935இல் வான் மானனே தன் அளவுகளை நம்பத் தயங்கினார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பயம். வேலையிடத்தில் நான் எதிர்பார்த்த எண்ணையே மீட்டர் காட்டினால், இன்னொரு தடவை அளக்கிறேன்.