ஜீப்பின் வாரிசு யார்?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையோரம் தேநீர்க் கடைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தபோது, சிவப்பு நிறத் தார் வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கிய இளைஞர் தேநீர் கேட்டார். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை ஜீப்புன்னு சொல்லுவீங்களா?" என்றார். அவர் அரசு ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஏன் ஐயா, ஜீப் பரம்பரைதானே?"

"பரம்பரைங்கறீங்க. எங்க ஜீப்புக்கு ரெண்டு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் போதும். இது நின்னு போனா கம்ப்யூட்டர் கொண்டாரணும்."

"உங்க ஜீப் கவுந்தா உள்ள இருக்கறவங்க பொழைப்பாங்களா, சொல்லுங்க?"

பெரியவர் சிரித்துவிட்டார். பதில் சொல்லவில்லை. ஆனால் விவாதம் அத்துடன் முடியவில்லை. இதே சொற்போர் இந்தியா முழுவதும் வண்டிப் பிரியர்களிடையே 2020 முதல் நடந்துவருகிறது. புதிய வண்டி பழைய ஜீப்பின் பெருமையைக் காக்கிறதா, அல்லது அதன் முகத்தை மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பதே கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமானால் அந்தப் பழைய ஜீப் எது, அதன் பெருமை எதில் இருந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கேதான் நமக்குச் சில வியப்புகள் காத்திருக்கின்றன.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரங்களும் இயங்கக் கூடிய சிறு வேவு வண்டி ஒன்று வேண்டும். எடை ஏறத்தாழ 590 கிலோவுக்கு மேற்படக் கூடாது. முதல் வண்டி 49 நாட்களில் வந்து சேர வேண்டும். இந்தக் கெடுவைக் கண்டு அஞ்சாமல் முன்வந்தவை இரண்டே நிறுவனங்கள். ஒன்று வில்லிஸ்-ஓவர்லேண்ட். மற்றது பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில் இருந்த பேண்டம் என்னும் சிறிய கம்பெனி. பேண்டம் கம்பெனி ஏறக்குறைய திவாலாகும் நிலையில் இருந்தது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாட்களில் அதற்கு வரைபடங்களைத் தயாரித்துக் கொடுத்தார். செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரை மணி நேரமே இருந்தபோது, பேண்டம் வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது.

இதற்குப் பின் நடந்தது பேண்டத்துக்கு வருத்தமான கதை. சிறிய கம்பெனியால் போருக்கு வேண்டிய அளவு வண்டிகளைச் செய்ய முடியாது என்று ராணுவம் கருதியது. பேண்டத்தின் வரைபடங்களை வில்லிசுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. வில்லிசிடம் 60 குதிரைத்திறன் கொண்ட வலுவான எஞ்சின் இருந்தது. ஃபோர்டிடம் பெரிய தொழிற்சாலைகள் இருந்தன. இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து 1945 வரை 6 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைச் செய்து குவித்தன. பேண்டம் செய்தது 3,000-க்கும் குறைவு. பிறகு அது ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர்களைச் செய்துகொண்டிருந்தது! ஜீப்பைப் படைத்தது தாமே என்று வில்லிஸ் விளம்பரம் செய்ததை அமெரிக்க வணிக ஆணையம் 1948-இல் தடுத்தது. ஆனாலும் 'ஜீப்' என்ற பெயரை வணிகக் குறியாக 1950-இல் பதிவு செய்துகொண்டது வில்லிஸ்தான்.

பெயருக்கும் ஒரு கதை கட்டப்பட்டுள்ளது. 'பொதுப் பயன்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் ஜி, பி. அவை சேர்ந்தே ஜீப் ஆயிற்று என்று பலர் சொல்லுவார்கள். ஃபோர்டு தன் வண்டிக்கு ஜிபி என்று பெயரிட்டது உண்மை. ஆனால் அதில் ஜி என்பது அரசாங்க வண்டி என்பதற்கும், பி என்பது 80 அங்குலச் சக்கர இடைவெளிக்கும் ஃபோர்டு வைத்த குறியீடுகள். 1936-இல் பாப்பாய் சித்திரக்கதையில் ஜீப் என்ற ஒரு விசித்திரப் பிராணி தோன்றியது. எங்கு வேண்டுமானாலும் போகக் கூடியது அது. படைவீரர்கள் வாயில் அந்தப் பெயர் ஏறிவிட்டதும் ஒரு காரணம் என்பர்.

ஜீப்பின் முகத்தில் செங்குத்தான ஏழு பிளவுகள் இருக்க வேண்டும், அதுவே பரம்பரை அடையாளம் என்று இன்று பிரியர்கள் விரலை நீட்டி எண்ணுகிறார்கள். போர்க்கால ஜீப்பில் பிளவுகள் ஒன்பது. அந்தத் தகட்டு முகத்தை வடிவமைத்ததும் வில்லிஸ் அன்று, ஃபோர்டு. முதலில் கம்பிகளைப் பற்றவைத்து முகத்தைச் செய்துகொண்டிருந்த வில்லிஸ், ஃபோர்டின் தகடு மலிவாகவும் எடை குறைவாகவும் இருந்ததால் அதை ஏற்றுக்கொண்டது. 1945-இல் குடிமக்களுக்கான ஜீப் வந்தபோது பெரிய முன்விளக்குகளைப் பொருத்த வேண்டியிருந்தது. இரண்டு பிளவுகள் போய் ஏழு ஆனது அப்போதுதான். புனிதமாகக் கருதப்படும் எண், விளக்குக்கு இடம் விட்டதால் வந்த எண்!

இனி இந்தியாவுக்கு வருவோம். 1945 அக்டோபர் 2 அன்று பம்பாயில் மஹிந்திரா அண்டு முகமது என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்களுடன் கூட்டாளியாக இருந்தவர் மாலிக் குலாம் முகமது. பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951-இல் கவர்னர் ஜெனரலும் ஆனார். நிறுவனம் 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆயிற்று. 1940-களின் இறுதியில் வில்லிஸ் உரிமத்துடன் உதிரிப் பாகங்களைத் தருவித்து ஜீப்புகளைக் கூட்டத் தொடங்கிய நிறுவனம், பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டது.

நம் கிராமங்களில் அனைவரும் கண்ட உயர்ந்த மூக்கு ஜீப் 1953-இல் வில்லிஸ் வெளியிட்ட வகை. மேல்வால்வு கொண்ட புதிய எஞ்சின் பழைய மூடிக்குள் அடங்காமல் உயர்ந்துவிட்டது. அதனால் மூடியையும் உயர்த்தினார்கள். அழகுக்காகச் செய்ததன்று. அமெரிக்காவில் இந்த வகை 1968-இல் நின்றுபோயிற்று. இந்தியாவிலோ அதன் சந்ததி பல பத்தாண்டுகள் ஓடியது. ஜப்பானிலும் மிட்சுபிஷி இதே வழியில் வந்த ஜீப்பை 1998 வரை செய்துவந்தது.

1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் ஒன்றியத்துக்கு ஒரு ஜீப் வந்தது. மலேரியா ஒழிப்பு, அம்மை குத்துதல், குடும்ப நலம், வனத்துறை, தேர்தல் என்று ஜீப் நுழையாத இடம் கிடையாது. "ஜீப் வருது" என்றால் ஊருக்குள் அதிகாரி வருகிறார் என்று பொருள். சாலை இல்லாத இடத்துக்கு அரசாங்கம் போய்ச் சேர்ந்த சக்கரங்கள் அவை. திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலையில் ஏறி ஜமுனாமரத்தூர் போகிறவர்களுக்கு இன்று நல்ல சாலை இருக்கிறது. அதிலிருந்து பிரிந்து சிற்றூர்களுக்குப் போகும் மலைத்தடங்களில் மழைக்காலத்தில் நான்கு சக்கர இயக்கத்தின் அருமை விளங்கும்.

அது என்ன என்பதைச் சற்று நின்று பார்ப்போம். சாதாரணக் காரில் எஞ்சினின் ஆற்றல் இரு சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. ஜீப்பில் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறு பற்சக்கரப் பெட்டி உண்டு. அதன் நெம்பை இழுத்தால் முன்சக்கரங்களும் சுழலும். மேலும் ஓர் இழுப்பில் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து, முறுக்கு விசை இரட்டிப்பாகும். ஏற்றத்தில் மெல்ல ஊர்ந்து ஏறுவதன் இரகசியம் இதுவே. பட்டறைகளில் இதை 'லோ' என்பார்கள்.

அடுத்தது அச்சு. பழைய ஜீப்பில் முன்னும் பின்னும் ஒரே இரும்புக் குழலாக இறுகிய அச்சுகள். அவற்றைப் பட்டைப் பிளேட்டுகள் தாங்கும். ஒரு சக்கரம் பாறை மீது ஏறினால் மறு சக்கரம் பள்ளத்தில் அழுத்தப்படும். அச்சின் நடுப்பகுதியும் கூடவே உயரும். எளிமையானது, முறட்டுத்தனமானது, இடுப்பை ஒடிப்பது. சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு சாலையில் சுகமாக இருக்கும். ஆனால் பாறையில் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும்போது மறு பக்கம் அதற்கு உதவி கிடைப்பதில்லை.

2010-இல் வந்த முதல் தாரிலேயே முன்பக்கம் இத்தகைய தனி அமைப்புதான் இருந்தது. பின்பக்கம் பட்டைப் பிளேட்டு. பழமைப் பிரியர்கள் இன்று அந்த வண்டியைத்தான் 'அசல்' என்று கொண்டாடுகிறார்கள் என்பது வேடிக்கை. 2020 ஆகஸ்டு 15 அன்று வெளியிடப்பட்ட இரண்டாம் தார் செங்கல்பட்டு அருகே மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவானது. அதில் பின்பக்கம் சுருள்வில் தாங்கும் இறுகிய அச்சு. தேநீர்க் கடைப் பெரியவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "முன்னாடி காரு, பின்னாடி ஜீப்பு" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொறியியல் நூலும் சொல்லிவிடாது.

ஆனால் கணக்கு ஒருபக்கமாகவே இல்லை. போர்க்கால ஜீப்புக்கு 60 குதிரைத்திறன். புதிய தாரின் டீசல் எஞ்சினுக்கு 130, பெட்ரோலுக்கு 150. பழைய ஜீப்பில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் ஆற்றல் முழுவதும் அதற்கே போய் வீணாகும். புதிய வண்டியின் சில வகைகளில் பின் அச்சைப் பூட்டி இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலச் செய்யலாம். 650 மில்லிமீட்டர் ஆழ நீரில் இறங்கலாம். 2020 நவம்பரில் உலகக் கார் பாதுகாப்பு அமைப்பின் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. கதவே இல்லாத, கித்தான் கூரை போட்ட பழைய ஜீப்பை அதே சோதனைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எடையும் கூடிற்று, நீளமும் கூடிற்று. 80 அங்குலம், அதாவது 2032 மில்லிமீட்டராக இருந்த சக்கர இடைவெளி 2450 ஆயிற்று. 2024-இல் வந்த ஐந்து கதவு ராக்ஸ் வண்டியில் அது 2850. குறுகிய மலைத் திருப்பங்களில் இந்தக் கூடுதல் நீளம் உறுத்தும்.

இந்தச் சச்சரவு தேநீர்க் கடையோடு நிற்காமல் நீதிமன்றத்துக்கும் போனது. 2018-இல் மஹிந்திரா அமெரிக்காவில் ராக்ஸார் என்ற வண்டியை மிச்சிகன் மாநிலத்தில் செய்து விற்கத் தொடங்கியது. சாலையில் ஓட்டுவதற்கன்று, வயல் வெளிக்கு. பழைய வில்லிஸ் உரிமத்தின் நேரடிச் சந்ததி. அப்போது ஜீப் பெயரின் உரிமையாளராக இருந்த ஃபியட் கிறைஸ்லர், தன் வடிவத்தைக் களவாடியதாக அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்திடம் முறையிட்டது. பெட்டி போன்ற உடல், தட்டையான முகம், வெளியே தெரியும் மூடிக் கொக்கிகள் ஆகியவை தன் சொத்து என்பது அதன் வாதம். 2020 ஜூனில் ஆணையம் ஃபியட் கிறைஸ்லருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மஹிந்திரா முகத்தை மாற்றி வடிவமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மாற்றிய வண்டிக்கு அனுமதி கிடைத்தது.

அதே 2020 ஆகஸ்டில் லண்டனில் இதற்கு நேர்மாறான தீர்ப்பு ஒன்று வந்தது. போருக்குப் பின் தன் பண்ணையில் உபரி ஜீப் ஒன்றை ஓட்டிவந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவர், அதைப் பார்த்தே 1948-இல் லேண்ட் ரோவரை உருவாக்கினார். முதல் மாதிரி ஜீப்பின் சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. அந்த வம்சத்தின் டிஃபெண்டர் வண்டி 2016 ஜனவரியில் நின்றது. 2019-இல் வந்த புதிய டிஃபெண்டரில் தனிச் சட்டமே கிடையாது, உடலே சட்டம். பழைய அன்பர்கள் கொதித்தார்கள். இனியோஸ் என்ற நிறுவனம் பழைய வடிவத்தை ஒத்த கிரெனடியர் வண்டியைத் திட்டமிட்டது. பழைய வடிவத்தை வணிகக் குறியாகப் பதிவு செய்ய லேண்ட் ரோவர் முயன்றபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. லேண்ட் ரோவரின் உரிமையாளர் 2008 முதல் நம் டாட்டா நிறுவனம். ஒரே கோடையில் ஓர் இந்திய நிறுவனம் வடிவத்தைத் திருடியதாகத் தோற்றது. இன்னோர் இந்திய நிறுவனத்துக்குச் சொந்தமான கம்பெனி வடிவத்தைக் காப்பாற்ற முடியாமல் தோற்றது. பேண்டத்தின் முதலாளிகள் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

என் கருத்தைக் கேட்டால், முகத்திலுள்ள பிளவுகளை எண்ணுவது வீண் வேலை. எனக்கு உறுத்துவது வேறொன்று. 2023 ஜனவரியில் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் தார் வந்தது. விலை குறைவு, விற்பனையும் நன்று. நகரத்தில் ஓட்டுகிறவருக்கு அது போதும் என்பதும் நியாயமே. ஆனால் தோற்றத்தை வைத்துக்கொண்டு, ஜீப்பை ஜீப்பாக்கிய அந்தச் சிறு பற்சக்கரப் பெட்டியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? தார் என்பது பாலைவனத்தின் பெயர். நம் ஊரில் பல தார்கள் சாலைக்குப் போட்ட தாரை மட்டுமே கண்டிருக்கின்றன.

மறுபுறம் பழைய ஜீப்புகளும் மறைந்து வருகின்றன. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை நீக்கும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புகையும் பாதுகாப்பும் கருதிச் செய்த ஏற்பாடு. குறை சொல்ல முடியாது. ஆயினும் அலுவலக வளாகங்களில் வேப்பமரத்தடியில் நிற்கும் துருப்பிடித்த ஜீப்புகளில் ஒன்றிரண்டையாவது அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினால் மாணவர்கள் ஒரு வேறுபாட்டுப் பற்சக்கரத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

அன்றைய தேநீர்க் கடைக்குத் திரும்புகிறேன். இளைஞரின் அனுமதியோடு பெரியவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கியர்க் குச்சிக்குப் பக்கத்தில் இரண்டாவது குச்சி இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை எத்தனை தடவை போட்டிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார்.

"வண்டி வாங்கி எட்டு மாசம் ஆகுது ஐயா. இன்னும் போட்டதில்லை."

"ஞாயித்துக்கிழமை வாங்க. ஜமுனாமரத்தூருக்கு மேல ஒரு தடம் இருக்கு, காட்டறேன்."