சீமைக்கருவேலம் வந்த வழி

சீமைக்கருவேலத்தின் விதையை முதன்முதலில் ஊர் ஊராகச் சுமந்த விலங்குகள் பூண்டோடு அழிந்து பத்தாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. 1982-ல் டேனியல் ஜான்சென், பால் மார்ட்டின் என்ற இரண்டு அமெரிக்க அறிவியலாளர்கள், இந்த மரமும் வளரும் நடு அமெரிக்கக் காடுகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். முற்றியும் வெடிக்காமல், இனிப்புச் சதையோடு அப்படியே தரையில் உதிரும் நெற்றுகளை இந்தக் காட்டு மரங்கள் யாருக்காகக் காய்க்கின்றன? யானைக்குத் தூரத்து உறவான கோம்போதீர் போன்ற பெருவிலங்குகளுக்காக என்பது அவர்கள் சொன்ன விடை. அவை நெற்றை முழுதாக விழுங்கும். கெட்டித் தோல் கொண்ட விதை வயிற்றைக் கடந்து, சாணத்தோடு வேறொரு இடத்தில் விழும். பெருவிலங்குகள் மறைந்த பிறகு மரத்துக்கு வண்டி இல்லாமல் போயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் மாடும் குதிரையும் கொண்டுவந்து இறக்கினார்கள். வண்டி திரும்பக் கிடைத்தது. ஆட்டுப்புழுக்கையில் வேலிக்காத்தான், அதாவது இதே சீமைக்கருவேலம், முளைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மரத்தை அறிவியல் ஏட்டில் பதிந்தவர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன்காரர். 1780-களில் ஜமைக்காவில் செடிகளைச் சேகரித்துத் திரிந்த அவர், 1788-ல் இதை மிமோசா பேரினத்தில் சேர்த்தார். 1825-ல் ஜெனீவாவின் டி காண்டோல் அதைப் புரோசாபிஸ் பேரினத்துக்கு மாற்றினார். புரோசாபிஸ் ஜூலிஃப்ளோரா என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த பெயர் அப்படி வந்தது.

அடுத்த தாவல் பசிபிக் கடலின் நடுவில். 1827-ல் ஹவாய் தீவுகளுக்குப் போன பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் அலெக்சிஸ் பாஷலோ, மறு ஆண்டு ஹோனலூலுவில் ஒரு மரத்தை வளர்த்தார். விதை வந்தது பாரிஸ் அரசத் தோட்டத்திலிருந்து. தென் அமெரிக்க மரம் ஒன்று ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு பசிபிக்குக்குப் போயிருக்கிறது! அந்த ஒற்றை மரத்தின் வாரிசுகள் தீவுகளின் வறண்ட கரைகளை மூடின. ஹவாய் மக்கள் அதை கியாவே என்கிறார்கள். நெடுங்காலம் இதையும் ஜூலிஃப்ளோரா என்றே எழுதிவந்தார்கள். பெரு நாட்டுப் பக்கத்து உறவினமான பாலிடா என்று பிறகுதான் தெளிந்தது. இந்த ஆள்மாறாட்டத்தைச் சிறு பிழையாக ஒதுக்க முடியாது. ஒரே பெயர்ச்சீட்டின் கீழ் வெவ்வேறு இனங்களின் விதைகள் உலகெங்கும் போயின. போன இடங்களில் அவை கலந்தும் முளைத்தன.

இந்தியாவுக்கு இதை அழைத்தது சென்னை மாகாணம். 1876-ல் வடக்கு வட்டத்து வனப் பாதுகாவலராக இருந்த லெப்டினன்ட் கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம், இந்த மரத்தின் விதையைத் தருவித்துத் தரும்படி வருவாய்த் துறைச் செயலருக்கு எழுதினார். பெட்டோமைச் சாதாரண அதிகாரி என்று நினைத்துவிடக் கூடாது. தென்னிந்தியப் பெரணிகளையும் மரங்களையும் வகைப்படுத்திப் பெரிய நூல்கள் எழுதியவர். அவருடைய கவலை விறகு. ரயில் எஞ்சின்கள் விறகு எரித்து ஓடிய காலம் அது. வறண்ட மாவட்டங்களில் காடு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. அதே ஆண்டில்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து, கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. வெட்ட வெட்டத் தழைக்கும், ஆடு மாடு இலையைத் தொடாது, மழை பொய்த்தாலும் சாகாது. அன்று இந்த மரத்தின் தகுதிச் சான்றிதழாக இருந்த இந்த வரிகள்தாம் இன்று அதன் மீதான குற்றப்பத்திரிகை.

அதன் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர். சிந்து மாகாணம் அடுத்த ஆண்டே நட்டது. சூடான் அரசின் தாவரவியலாளர் மாஸி, 1917-ல் எகிப்திலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் விதை வாங்கிக் கார்ட்டூமில் வளர்த்தார். ஜோத்பூர் சமஸ்தானம் 1940-ல் இதற்கு அரச மரியாதையே கொடுத்து, காப்பாற்றும்படி குடிமக்களுக்கு ஆணையிட்டது. 1961-ல் குஜராத் வனத்துறை, கட்ச் பகுதியின் உப்புப் பாலை முன்னேறி வருவதைத் தடுக்க, பன்னிப் புல்வெளியின் ஓரத்தில் 31,550 ஹெக்டேரில் இதை நட்டது. ஆசியாவின் மிகச் சிறந்த புல்வெளிகளில் ஒன்று பன்னி. சில பத்தாண்டுகளில் அதன் பெரும்பகுதி முள்காடாயிற்று. அங்குள்ள மால்தாரி மேய்ப்பர்கள் இதற்கு வைத்த பெயர் காண்டோ பாவள், அதாவது பைத்தியக் கருவேலம். நெற்றைத் தின்று காங்கிரேஜ் மாடுகள் நோயுற்றன. எருமை ஓரளவு தாங்கியது. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தவர்கள் எருமைக்கு மாறினார்கள். ஒரு மரம் ஒரு சமூகத்தின் தொழுவத்தையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கென்யாவின் கதை ஹவாயோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. மொம்பாசா அருகே சிமெண்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களைப் பசுமையாக்க, 1973-ல் பிரேசிலிலிருந்தும் ஹவாயிலிருந்தும் விதை வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு நடந்த விறகுத் திட்டம் ஒன்று, இம்மரத்தைப் பாரிங்கோ ஏரிப் பக்கம் கொண்டுபோயிற்று. அங்கே வாழும் இல்சாமுஸ் மேய்ப்பர்களின் ஆடுகள் சர்க்கரை மிகுந்த நெற்றை விடாமல் தின்றன. பல் சொத்தையாகிக் கொட்டியது. மேய முடியாமல் மெலிந்து செத்தன. 2006-ல் அந்த மக்கள் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். பல்லில்லாத ஓர் ஆட்டையே நைரோபி நீதிமன்றத்துக்குச் சான்றாகக் கூட்டிவந்தார்கள். அதற்குள் சூடான் தன் பங்குக்குத் திரும்பிவிட்டிருந்தது; 1995-லேயே அந்நாட்டு அரசு இம்மரத்தை ஒழிக்க ஆணை போட்டுவிட்டது. கார்ட்டூமில் என்ன ஆயிற்று, கட்சில் என்ன ஆயிற்று என்று நடுவதற்கு முன் கேட்டிருந்தால் பாரிங்கோவின் ஆடுகள் தப்பியிருக்கும். விதை போன வேகத்தில் அனுபவம் போகவில்லை என்பதே இந்த மரத்தின் வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் செய்தி.

நம் பக்கம் வருவோம். விடுதலைக்குப் பின் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ச் சீமையில் இது விறகுக்கும் வேலிக்கும் பரவியது. கேஸ் அடுப்பு வராத காலத்தில் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது இதனால்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் நிலமில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்ததும் இந்த மரத்தை வெட்டி அடுக்கிப் போடும் கரிமூட்டம்தான். கண்மாய்க்குள் புகுந்து தண்ணீர் நிற்கும் இடத்தை அடைத்ததும் இதே மரம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தூரோடு அகற்ற உத்தரவிட, ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றுவதோடு நில்லாமல், அந்த இடத்தில் நாட்டுத் தாவரங்களை மீட்பதையும் அது பேசுகிறது.

நிலத்தடி நீரை இது உறிஞ்சித் தீர்க்கிறது என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு சுவையான பின்னணி உண்டு. 1960-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் ஒரு வேர் கிடைத்தது. அது நம் மரத்தின் உறவினத்து வேர் என்று பின்னர் வகைப்படுத்தினார்கள். அன்றைய பதிவில் இருந்த பெயரோ ஜூலிஃப்ளோரா. உலகம் முழுவதும் இந்த மரத்தின் கணக்கில் அந்த 53 மீட்டர் ஏறிக்கொண்டது. இப்போதைய ஆய்வாளர்கள் வேரின் நீளத்தை விட்டுவிட்டு, தண்டில் ஓடும் நீரையே அளக்கிறார்கள். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் அப்படி அளந்து 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே பரவியிருக்கும் மரங்கள் ஆண்டுக்கு 300 கோடி கனமீட்டருக்கு மேல் தண்ணீர் எடுக்கின்றன. தனி மரம் ஒன்று குடிப்பது அதிகமில்லை. அடர்த்தியும் ஆண்டு முழுதும் பச்சையாக நிற்பதும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு.

எதிர்பாராத திசையிலிருந்தும் செய்தி வருகிறது. மாலி நாட்டின் பாண்டியாகரா மாவட்டத்தில் 9 கிராமங்களில் கொசுக்களைப் பிடித்து எண்ணினார்கள். சில கிராமங்களில் இம்மரத்தின் பூக்கும் கிளைகளை மட்டும் வெட்டியதும் கொசுக்கள் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தன என்று 2017-ல் எழுதினார்கள். கொசுவுக்கு இரத்தத்துக்கு அப்பால் தேனும் உணவு. வறட்சியிலும் பூக்கும் மரம், மலேரியாவைப் பரப்பும் வயது வரை அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. சிவகங்கையின் வேட்டங்குடியில், பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊரில், இன்னோர் ஆய்வு நடந்தது. சீமைக்கருவேலத்தில் கட்டிய கூடுகளிலிருந்து முட்டையும் குஞ்சும் கீழே விழுவது நாட்டு மரங்களைவிட அதிகம் என்று அங்கே கண்டார்கள்.

அப்படியானால் எப்படி அடக்குவது? கிளையைக் கழித்தும் கரி சுட்டும் பயன்படுத்தினாலே கட்டுப்பட்டுவிடும் என்று பல நாடுகள் நம்பின. பன்னியில் ஆய்வாளர்கள் மால்தாரிகளோடு சேர்ந்து, கிளை கழிப்பதையும் முற்றாக அகற்றுவதையும் ஒப்பிட்டார்கள். கிளை கழித்த இடத்தில் புல் பெரிதாகத் திரும்பவில்லை. மரத்தை முற்றாக அகற்றிய இடத்தில் திரும்பியது. தென்னாப்பிரிக்கா 1987-ல் வட அமெரிக்காவிலிருந்து விதை தின்னும் வண்டுகளைத் தருவித்து விட்டது. நெற்று தீவனமாக வேண்டும் என்று விவசாயிகள் கேட்டதால், விதையை மட்டும் தின்னும் வண்டுகளையே தேர்ந்தெடுத்தார்கள். வண்டு முட்டையிடுவதற்கு முன்பே ஆடுகள் நெற்றைத் தின்றுவிட்டு விதையைப் பரப்பிக்கொண்டிருந்தன. மரத்தைக் காப்பாற்றிக்கொண்டே பரவலைத் தடுக்க நினைத்த சமரசம் எடுபடவில்லை. இப்போது இலையைத் தாக்கும் ஓர் அந்துப்பூச்சியின் மீது நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். அர்ஜென்டினாவிலிருந்து ஆஸ்திரேலியா 1998-ல் கொண்டுபோய் விட்டு நல்ல பலன் கண்டது. தென்னாப்பிரிக்கா 2021-ல் பின்தொடர்ந்தது.

இந்தியா மூன்றாவதாகப் பின்தொடரலாமா? இங்கே ஒரு தடை நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்த மரத்துக்கு நாட்டு உறவு மரங்கள் இல்லை. நமக்கோ வன்னி இருக்கிறது. ராஜஸ்தானின் மாநில மரம், விருத்தாசலம் கோயிலின் தலமரம், பன்னெடுங்காலமாக இம்மண்ணில் இருக்கும் புரோசாபிஸ். 2022-ல் மரபணுச் சான்றுகளைக் கொண்டு தாவரவியலாளர்கள் அந்தப் பேரினத்தை உடைத்து, சீமைக்கருவேலத்தை நெல்ட்டுமா என்ற தனிப் பேரினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வன்னி பழைய பெயரிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நாம் நினைத்ததைவிடத் தூரம் அதிகம் என்பது நல்ல செய்தி. ஆனாலும் அந்தப் பூச்சி வன்னி இலையைத் தொடுமா என்பதைப் பூட்டிய கூண்டுக்குள் வைத்துப் பொறுமையாகச் சோதித்து, அதுவரை கரிமூட்டத்தை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு வேறு வருமானமும் தேடித் தந்த பிறகே அடுத்த விதையையோ பூச்சியையோ நாம் இறக்குமதி செய்ய வேண்டும். பெட்டோமின் கடிதம் போன வேகத்தில் இன்னொரு கடிதம் போகக் கூடாது.