ப்ரியஸ்: மிதிக்கிறது நாம, பிடிக்கிறது யாரு?

ஹைப்ரிட் கார்னாலே பலருக்கும் ஞாபகம் வர்றது டொயோட்டா ப்ரியஸ்தான். ஆனா யோசனை ரொம்பப் பழசு. பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில சேர்த்து ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-லேயே செஞ்சு காட்டிட்டார். அப்புறம் ஏன் இத்தனை வருஷம் தூங்கிச்சு? பேட்டரி கனம், பெட்ரோல் மலிவு என்பதெல்லாம் ஒரு பக்கம். ரெண்டு பேரையும் நொடிக்கு நொடி மேய்க்க வண்டிக்குள்ள ஒரு மூளை இல்லாதது இன்னொரு பக்கம்.

1990-களில் தகேஷி உச்சியமடா தலைமையில் டொயோட்டா இறங்கியது. எரிபொருள் சிக்கனம் 50 சதவீதம் கூடினா போதும்னு ஆரம்பிச்சாங்க. மேலிடம் 100 சதவீதம் கேட்டுச்சு (எல்லா மேலிடமும் அப்படித்தான் போல :-)). வேற வழியில்லாம ஹைப்ரிட்டுக்குப் போனாங்க. முதல் சோதனை வண்டி 49 நாள் நகரவே இல்லையாம். ஆனாலும் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்துடுச்சு.

ஒரு எஞ்சின், ரெண்டு மோட்டார், நடுவில் ஒரு பிளானட்டரி கியர். யார் எவ்வளவு உழைக்கணும்னு கணினி முடிவு செய்யும். சிக்னல்ல நின்னா எஞ்சினை அணைக்கும். பிரேக் மிதிச்சா மோட்டாரையே ஜெனரேட்டரா மாத்தி, சூடாகி வீணாப்போற சக்தியை பேட்டரிக்கு அனுப்பும். அதனாலதான் நகர நெரிசலில் இதுக்கு லாபம் அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனா அது குறைஞ்சிடும்.

இனிமேதான் மேட்டரே. மோட்டார் பிரேக்கையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் கலந்து கொடுக்கிறது கணினிதான். 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை ப்ரியஸில், மேடுபள்ளமான அல்லது வழுக்கும் ரோட்டில் ஏபிஎஸ் வேலை செய்யும்போது ஒரு கணம் பிரேக் தளர்ந்த மாதிரி இருக்குன்னு புகார்கள் வந்தன. 2010 பிப்ரவரியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைப்ரிட் கார்களைத் திரும்ப அழைச்சாங்க. மாத்தினது இரும்பை இல்லை, நிரலை!

2014 பிப்ரவரியில் இன்னும் பெருசு, சுமார் 19 லட்சம் ப்ரியஸ். இன்வெர்ட்டரைக் கட்டுப்படுத்துற நிரலால் டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறி சூடாகி, ஓடும்போதே வண்டி நின்னுபோகலாம்னு பயம். அதுக்கும் மருந்து புது நிரல்தான்.

நானும் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். நான் எழுதுறதில் பிழை இருந்தா ஏதோ ஒரு ரிப்போர்ட் தப்பா வரும், திட்டு வாங்கலாம். இங்கே பிரேக்கை மிதிச்சபடி ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார். பழைய வண்டின்னா மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிடுவார். நிரல் கோளாறு சத்தமே போடாது. ஒரு திருத்தத்தில் லட்சம் வண்டியைச் சரி பண்ண முடியுதுன்னு பெருமைப்படலாம்தான். அதே லட்சம் வண்டிக்கும் ஒரே பிழைதான் போயிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.